றோல்ஸ் சூட்டில், கேன் குளிரில்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் சொன்னார்கள், இங்கே மொன்றியலில் சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் பிரெஞ்சில் சொன்னார்கள், வீட்டில் என் மனுசன் ஒவ்வொரு நாளும் சொல்கிறார். காதும் நீளம்தான், அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அந்த மாசி மாதக் குளிரில், சாப்பாட்டு நேரத்தில், கார் தரிப்பிடத்தில் நின்ற ஒரு சிவப்புக் காருக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தபோது மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பேருந்துப் பக்கம் போனார்கள். எனக்கு அப்படிப் போகத் தெரியாது. நேரே போய்க் கண்ணாடியில் தட்டினேன்.

நான் எங்கள் மாதா கோயில் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவுக்குக் கீபோட் வாசிக்கிறவள். அந்தச் சத்தம் பழைய கோயில் ஆர்மோனியம் மாதிரியும் இருந்தது, அது இல்லை மாதிரியும் இருந்தது. ஆர்மோனியத்தின் துருத்திக்கு ஓர் இழுப்பு உண்டு, ஓர் ஓய்வு உண்டு. இதற்கு ஓய்வே இல்லை. அதுதான் என்னைப் பனிக்குள்ளால் இழுத்துக்கொண்டு போனது.

உள்ளே இருந்தவள் எனக்குத் தெரிந்தவள்தான். பெட்டி அடுக்கும் வரிசையில் பல வருசமாக எனக்கு எதிரே நிற்கிறவள், லாவோஸ் நாட்டுக்காரி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். நாங்கள் இருவரும் கதைப்பது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், மிச்சம் கை. ஆனால் இதை எழுதுகிறவள் நான், அதனால் இங்கே அவளும் அவளுடைய ஆட்களும் என் பாஷையில்தான் பேசுவார்கள்.

அவள் கையில் ஒரு கட்டு மூங்கில். விரல் தடிப்பில், ஒரு முழத்துக்கும் மேல் நீளத்தில், இரண்டு வரிசையாக நின்ற குழாய்கள். நடுவில் தேங்காய்க் குரும்பை அளவில் ஒரு மரக்கட்டை. அதை இரண்டு உள்ளங்கையாலும் கும்பிடுகிற மாதிரிப் பொத்திப் பிடித்து வாயில் வைத்திருந்தாள்.

"என்னடி இது, ஆரின்ரையோ கூரையைப் பிடுங்கிக்கொண்டு வந்திட்டியோ?"

"கேன். எங்கட ஆக்களின்ர வாத்தியம். உள்ள வாங்கோ அக்கா, கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது. எனக்கில்லை, இதுக்கு. குளிர் பிடிச்சால் மெழுகு வெடிச்சிடும்."

ஏறி இருந்தேன். அவள் காட்டினாள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய உலோக நாக்கு ஒன்று இருக்கிறது. குழாய்கள் மரக்கட்டைக்குள் நுழைகிற இடத்தைக் காற்றுப் போகாமல் கறுப்பு மெழுகால் அடைத்திருக்கிறார்கள். ஊதினாலும் சத்தம் வரும், மூச்சை இழுத்தாலும் சத்தம் வரும்.

"அப்ப வாயே மூடாது. என்ர மாமியாரை மாதிரி."

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி முழுக்க ஆவிப் புகார் பிடித்தது. பிறகு ஒரு பாட்டு வாசித்தாள். என் தோசைச் சுருள் மடியில் ஆறியது, நான் தொடவில்லை. கடவுளே, அவள் என்ன வாசித்தாள்! ஒரு வாய், ஆனால் மூன்று நான்கு பேர் ஒன்றாகப் பாடுகிற மாதிரி. அடியில் ஒரு சுருதி நிற்கிறது, மேலே விரல்கள் ஓடுகின்றன, தாளமும் மூச்சிலேயே வருகிறது. இப்படி வாசிக்கிறவள் என் எதிரே நின்று மாத்திரைப் பெட்டி அடுக்குகிறாள், எனக்குத் தெரியாது.

"ஏன் காருக்குள்ள இருந்து வாசிக்கிறாய், விசரி?"

"ஃபிளாட்டில வாசிச்சால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால முகட்டில இடிப்பினம். அதோட எங்கட குடும்பத்தில கேன் ஆம்பிளையளின்ர வேலை. பொம்பிளையள் பாடுவினம், ஆடுவினம், இல்லாட்டிச் சமைப்பினம்."

"இப்ப ஆர் ஊதுறது?"

"ஒருத்தரும் இல்லை. கீபோட் ஊதுது."

அவளுடைய புருசனின் தமையனுக்கு ஒரு இசைக்குழு இருக்கிறது. மொன்றியலில் அவர்களின் கல்யாணம், வருசப்பிறப்பு எல்லாவற்றுக்கும் அந்தக் குழுதான். இவள் சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டு, இங்கே வந்த பிறகு தொலைபேசித் திரையில் பார்த்துப் பார்த்துப் படித்து, காருக்குள் இருந்து பழகியிருக்கிறாள். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வருசப்பிறப்பு அண்டைக்கு முதல் வட்ட ஆட்டத்துக்கு நான் ஊதோணும் அக்கா. எல்லாரும் இருக்கேக்க. ஒருக்கா."

அவர்களுக்கும் வருசம் சித்திரையில்தான் பிறக்கிறதாம். அதைக் கேட்டதும் எனக்கு அவள் பாதி சொந்தக்காரி ஆகிவிட்டாள்.

கொஞ்ச நாளில் குழுவின் கீபோட்காரர் வேலை கிடைத்து வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். இவள் வீட்டில் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை மஞ்சள் வழி மெட்ரோ பிடித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய் போனேன். அந்தத் தமையனின் வீட்டு நிலவறையில்தான் பழகுவது. அவரை நான் முதல் நாளே அண்ணை என்று கூப்பிட்டேன், அவரும் தலையாட்டினார்.

நல்ல வாத்தியக்காரர், அதை மறைக்க மாட்டேன். அவர் வாசிப்பது பிண் என்கிற தந்தி வாத்தியம். மூன்று தந்தி, தலையில் செதுக்கிய நாகம், வயிற்றிலிருந்து வயர் புறப்பட்டு ஒலிபெருக்கிக்குப் போகிறது, காலடியில் மிதிக்கிற பெட்டிகள். எங்கள் வீணைக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்த மாதிரி. பக்கத்தில் பேஸ் கிற்றார், ட்ரம்ஸ், மூலையில் எனக்கான கீபோட். பிண்ணை அவர் தட்டியவுடன் என் கால் தானாக ஆடியது.

பிறகு கீபோட்டைக் காட்டினார். ஒரு பொத்தானில் சின்னச் சிவப்பு ஒட்டு. "இதை அமத்துங்கோ. கேன்."

அமத்தினேன். கேன்தான். அல்லது கேனின் படம்.

"மூச்சு வாங்காது, குளிரில வெடிக்காது, நேரத்துக்கு வரும்" என்றார் அண்ணை, பெருமையாக.

அவள் படியடியில் பிட்டுப் பானை மாதிரி ஒரு மூங்கில் கூடையில் சோற்றுடன் நின்றாள். முகத்தைப் பார்த்தேன். என்னைக் கூட்டிவந்தவள் அவள். அவளுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிற பொத்தான் இப்போது என் விரலுக்குக் கீழே.

"உங்கட தம்பி பெண்சாதி இதை உண்மையா வாசிப்பா, தெரியுமோ?"

"தெரியும். ஆனா அது எங்களோட சேராது."

"ஒருக்கா வாசிக்கட்டும், பாப்பம்."

மரியாதைக்காரர், மறுக்கவில்லை. அவள் கேனை எடுத்து ஊதினாள், நான் கீபோட்டில் சேர்ந்தேன். அம்மாடி! தகரத்தில் கரண்டியால் கீறினால்கூட அப்படி இருக்காது. கேனின் சுரம் என் கட்டை ஒன்றிலும் இல்லை, இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. அண்ணை கெட்ட மனுசன் இல்லை, ஆனால் சிரித்தார்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. "சுருதி சேர்த்துக்கொண்டு வரக்கூடாதோ பிள்ளை?"

எங்களுக்குத் தெரிந்தது அதுதானே. பாடுகிறவருக்கு ஒரு சுருதி. சுருதிப்பெட்டி அதைச் சொல்லும். வயலின்காரர் முறுக்காணியைத் திருப்புவார், மிருதங்கக்காரர் கல்லால் தட்டுவார், எல்லாரும் அங்கே போய்ச் சேருவார்கள்.

"கேனைச் சேர்க்க ஏலாது அக்கா. செய்யேக்க என்ன சுருதியோ அதுதான் கடைசி மட்டும். எங்கட ஊரில பாடுறவை முதல் கேனைக் கேப்பினம். பேந்துதான் குரலை எடுப்பினம்."

அப்போது எங்கள் பங்குத் திருநாள் ஒன்று ஞாபகம் வந்தது. நாதஸ்வரக்காரர் என் கீபோட்டைப் பார்த்து, "தங்கச்சி, நான் இறங்கமாட்டன், நீங்கள்தான் ஏறி வரோணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்குத்தான் கீபோட் முழுவதையும் மயிரிழை மயிரிழையாக மேலே கீழே நகர்த்துகிற இடத்தை அந்தத் திரைக்குள் தேடிக் கண்டுபிடித்தேன்.

"ஒரு சுரத்தைப் பிடிச்சுக்கொண்டே இரு" என்றேன்.

அவள் பிடித்தாள். நானும் அதே சுரத்தைப் பிடித்தேன். சேராத இரண்டு சத்தம் மோதினால் நடுவில் ஒரு நடுக்கம் கேட்கும். ஒரு தரம் அமத்தினேன், நடுக்கம் குறைந்தது. இன்னொரு தரம். இன்னும் கொஞ்சம். நடுக்கம் மெதுவாகி, மெதுவாகி, நின்றது. நிலவறையில் ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது. அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள், ஆனால் ஊதுவதை நிறுத்தவில்லை.

"பாத்தீங்களோ அண்ணை! உங்கட பிண்ணையும் திருப்புங்கோ. மூண்டு முறுக்காணிதானே."

அவருடைய சிரிப்புப் போய்விட்டது. "நாங்கள் இத்தினை பேரும் ஒரு மூங்கிலுக்காக வளையோணுமோ?"

திருப்பவில்லை. கதைத்து இழுபட்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஆட்டத்தின் தொடக்கத்தை அவள் ஊதலாம், கூட நான் மட்டும். அது முடிந்ததும் அவள் இறங்கவேண்டும், நான் கீபோட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரவேண்டும், பிறகு குழு தொடங்கும். ஏதும் பிழைத்தால் பொத்தான்.

அவளுக்கு அதுவே போதும். எனக்குப் போதாது, ஆனால் வாயை அடக்கிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று என் மனுசனைக் கேட்டால் சொல்வார்.

வருசப்பிறப்பு வந்தது. சித்திரை என்று பெயர், வெளியே தண்ணீர் வைத்தால் கல்லாகிவிடும். லொங்குய்யில் ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். அவள் விடியவே அங்கே சமையலுக்குப் போகவேண்டும், அண்ணையின் வான் வண்டியில் ஒலிபெருக்கிகளுக்கே இடமில்லை. அதனால் முதல் நாள் வேலை முடிந்ததும் கேனை என்னிடம் தந்தாள்.

"நீங்கள் கொண்டு வாங்கோ அக்கா. பத்திரம்."

என்னுடைய நூல் சேலை ஒன்றில் சுற்றி, வீட்டில் கட்டிலில் வைத்தேன். மனுசன் சோபாவில் படுத்தாலும் பரவாயில்லை என்று சொன்னேன். அவர் படுக்கவும் செய்தார்.

கொண்டாட்டத்துக்குக் கையை வீசிக்கொண்டு போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. விடிய எழும்பி இரண்டு தட்டம் மட்டன் றோல்ஸ் பொரித்தேன். நான் சேலை கட்டுகிற நேரத்தில் மனுசன் எல்லாவற்றையும் காரில் ஏற்றி, காரைச் சூடாக்கி, ஹோர்ன் அடித்தார். பாலத்தில் வழக்கம்போல் வாகனம் ஊர்ந்துதான் போனது. சித்திரை மாதத்து மொன்றியல் தெரு தெரியும்தானே, பனி போன பிறகு குழி கிடங்கெல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். டமார், டமார் என்று விழுந்து விழுந்து போனோம். சும்மா பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின் இருக்கையில் இரண்டு றோல்ஸ் தட்டம், மேலே துவாய் போர்த்து, இருக்கைப் பட்டியும் போட்டு, இரண்டு பிள்ளைகள் மாதிரி.

"கேன் எங்கையப்பா?"

"டிக்கியில."

"என்ன?"

"இஞ்சேர், றோல்ஸ் ஆறினால் ஆர் தின்னுறது?"

யேசுவே! நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கார்க்காரன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். நூறு வருசம் கனடாவில் இருந்தாலும் எங்கள் ஆட்களின் மண்டைக்குள் முதல் சூடு சாப்பாட்டுக்குத்தான். பாலத்தில் நிறுத்தவும் முடியாது, இறங்கவும் முடியாது. பின்னால் அந்த மூங்கில் விறைத்துக்கொண்டு கிடங்கு கிடங்காகக் குலுங்கி வருகிறது, முன்னால் நான் செபமாலை உருட்டுகிறேன்.

மண்டபத்துக் குசினியில் சேலையைப் பிரித்தோம். கறுப்பு மெழுகு கண்ணாடி மாதிரி வெடித்திருந்தது. ஒரு துண்டு விழுந்து எங்கேயோ போய்விட்டது. அவள் ஊதினாள். புஸ்ஸென்று காற்றுப் போனது, உள்ளே இரண்டு குழாய் மட்டும் நோயாளி மாதிரி முனகின. அவள் அழவில்லை. கவிழ்த்து வைத்த வாளிமேல் குந்திக் கேனை மடியில் வைத்தாள். அழுதவள் நான்தான். மனுசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணை வந்தார், பார்த்தார். "பாவம்" என்றார். மனதால்தான் சொன்னார். "பரவாயில்லை, பொத்தான் இருக்குத்தானே. கெதியா வாங்கோ, சனம் வந்திட்டுது."

அவள் தலையாட்டப் போனாள். அந்தத் தலையாட்டல் முடிய முதல் நான் வாயைத் திறந்தேன்.

"நான் அமத்தமாட்டன்."

"என்ன?"

"அந்தப் பொத்தான் உங்கட. விரல் என்ர. அமத்தமாட்டன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப கொஞ்ச நேரம் தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இனி என்ன வேணும்? சொல்லு" என்று அவளை உலுக்கினேன்.

"மெழுகு. தேன்மெழுகு எண்டாலும் போதும்."

என் கைப்பையைக் கொட்டினேன். மெட்ரோ அட்டை, இருமல் இனிப்பு, செபமாலை, அடியில் ஒரு மெழுகுதிரிக் கட்டை. மாசி மாதத்து மெழுகுதிரித் திருநாளில் பங்குச் சுவாமியார் மந்திரித்துத் தந்தது. எங்கள் பங்கில் அதற்கு நல்ல தேன்மெழுகுதான் வாங்குவார்கள். அவள் மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அடுப்பில் பிசுபிசுச் சோறு அவிந்துகொண்டிருந்தது. ஆவி படாமல், வெக்கை மட்டும் படுகிற தூரத்தில் கேனைப் பிடித்துக் குளிரை எடுத்தோம். மிஞ்சிய கறுப்பு மெழுகையும் மெழுகுதிரியையும் அவள் உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தாள். குழாய் குழாயாகப் பெருவிரலால் அமத்தி அடைத்தாள். மனுசன் தொலைபேசி வெளிச்சம் பிடித்தார்.

"மந்திரிச்ச மெழுகப்பா, பிழையில்லையோ?" என்று என் காதுக்குள் கேட்டார்.

"ஆண்டவருக்கும் பாட்டுப் பிடிக்கும். நீங்கள் வெளிச்சத்தை வடிவாப் பிடியுங்கோ."

அவள் ஊதினாள். எல்லாக் குழாயும் எழும்பின. நான் போட்ட சத்தத்தில் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள்.

மேடையில் அவள் பட்டுப் பாவாடையும் தோளில் சால்வையுமாக ஏறினாள். கறுப்பும் மஞ்சளும் கலந்த மெழுகோடு கேன் கையில் இருந்தது. சனம் அவளைப் பார்க்கவில்லை, பின்னால் கேன் வாசிக்க எந்த ஆம்பிளை வருகிறார் என்று பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. அவள் ஒரு சுரத்தைப் பிடித்தாள், நான் அதில் கீபோட்டை வைத்தேன். லேசான நடுக்கம். ஒரு தரம் அமத்தினேன், நின்றது.

பிறகு அவள் வாசித்தாள். காருக்குள் கேட்ட அதே பாட்டு, ஆனால் இப்போது அதற்குக் கூரை இல்லை. ஊதும்போதும் வந்தது, இழுக்கும்போதும் வந்தது, நான் சும்மா இரண்டு விரலால் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். முன்வரிசையில் இரண்டு பெண்கள் எழும்பிக் கையைத் தாமரை மாதிரித் திருப்பிக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். பிறகு நாலு பேர். பிறகு கதிரையெல்லாம் ஓரத்துக்குப் போய், வட்டம் கூடிவிட்டது. ட்ரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, ஒரு பெண்ணின் மூச்சில் அவ்வளவு சனமும் சுற்றியது.

தொடக்கம் முடிந்தது. சொன்னபடி இப்போது அவள் இறங்கவேண்டும். கேனை வாயிலிருந்து எடுத்தாள். வட்டம் நிற்கவில்லை, ஆடிக்கொண்டே அவளைப் பார்த்துக் கத்தினார்கள். பாஷை தெரியாவிட்டாலும் எனக்கு விளங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். "ஊதடி!" என்று தமிழில் கத்தினேன். ஊதினாள்.

அண்ணை பிண்ணைக் கழுத்தில் போட்டபடி நின்றார். அப்படியே தட்டினால் நிலவறையில் கேட்ட அந்தத் தகரச் சத்தம்தான் வரும். அது அவருக்கும் தெரியும். கீபோட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் இரண்டு கையையும் எடுத்துக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் சனத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு நாகத்தின் தலைக்குப் பக்கத்தில் காதைச் சரித்து, முதல் முறுக்காணியைத் திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார். மூன்றாவதையும் திருப்பினார். பேஸ்காரரும் குனிந்து திருப்பினார். நான் கையை அவிழ்த்தேன். எல்லாரும் ஒன்றாக அவளுடைய சுருதியில் போய் விழுந்தபோது என் உடம்பு முழுக்கப் புல்லரித்தது. மூங்கிலும் மின்சாரமும் அப்படிச் சேரும் என்று அதுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அண்ணை பாட்டை எடுத்தார், அதுவும் அவள் தந்த சுரத்திலேயே. அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் நடுவில் கேன் வாசிக்கிறவரைப் பற்றி நின்ற நிலையில் இரண்டு வரி கட்டிப் பாடுவார். அவர் பாட, மண்டபமே சிரித்துக் கைதட்டியது. பக்கத்தில் இருந்த ட்ரம்ஸ்காரரிடம் என்னவென்று கேட்டேன்.

"'என்ர தம்பி வீட்டில ஒரு மோ கேன் இருந்தது, இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமப் போச்சு' எண்டு பாடுறார்."

மோ கேன் என்றால் கேன் வித்துவான். அவள் வாயில் கேன் இருந்ததால் சிரிக்க முடியவில்லை, கன்னம் இரண்டாலும் கண்ணீர் ஓடியது. ஆனால் சத்தம் ஒரு துளி தளரவில்லை. என் மனுசன் ஆறிப்போன றோல்ஸ் தட்டத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வட்டத்துக்குள் ஆடினார். ஒன்றும் மிஞ்சவில்லை.

பின்னேரம் வெளியே வந்தோம். இன்னும் குளிர்தான். நான் எங்கள் கார்ப் பின் இருக்கையில் கேனுக்கு இடம் பண்ணப் போக, அண்ணை தடுத்தார். தன்னுடைய நாகத்தலைப் பிண்ணை ஒலிபெருக்கிகளோடு வானின் பின்பக்கத்தில் போட்டார். அவளுடைய புருசனான தம்பியையும் அங்கேயே ஏறச் சொன்னார். அவளை முன்னால் ஏற்றி, கேனை அவள் மடியில் வைத்து, இரண்டுக்கும் சேர்த்துப் பட்டியை இழுத்துப் போட்டார். பிறகு குனிந்து, அந்த இருக்கைக்குச் சூடு வருகிற பொத்தானை அமத்தினார். அன்றைக்கு அவர் அமத்திய ஒரே பொத்தான் அதுதான்.